கலம் காத்த பட்டை

கடலை வென்ற மாந்தரின் கதையைக் கூறும் நூல்கள் பெரும்பாலும் பாய்மரத்தையும் மாலுமியையும் மன்னரின் கடற்படையையும் பற்றியே பேசுகின்றன. பாய் எவ்வளவு விரிந்ததாயினும், மாலுமி எவ்வளவு தேர்ந்தவனாயினும், இரு பலகைகள் கூடும் இடத்தில் நீர் கசியுமானால் அக்கலம் கரை சேராது. அந்த மெல்லிய இடைவெளியை அடைத்த பொருள்களுக்கும், அவற்றைத் தேடித் தந்த மக்களுக்கும் வரலாற்றில் ஓர் இடம் உண்டு. மலாயாத் தீபகற்பத்தின் கடற்கரைகள் அதற்குச் சான்று பகர்கின்றன.

வெட்டிய மரம் உயிரற்றதாயினும் அசைவற்றதன்று. நீரில் ஊறினால் பலகை அகலவாட்டில் பருக்கும். வெயிலில் காய்ந்தால் சுருங்கும். அலை மோதும்போது கலத்தின் உடல் முழுவதும் சற்றே முறுகி நிமிரும். ஆகவே, பலகைகள் பொருந்தும் வாயில் இறுகிக் கெட்டியாகும் பொருளை வைத்தால், அது நாளடைவில் வெடித்து உதிர்ந்துவிடும். மரம் விரியும்போது ஒடுங்கவும், சுருங்கும்போது நிரம்பவும் வல்ல பொருளே அங்கு வேண்டும். இவ்வாறு இடைவெளியை அடைக்கும் தொழிலைத் தமிழில் கலப்பற்று அடித்தல் என்பர்.

இத்தேவையை ஒவ்வொரு நாட்டினரும் தத்தம் மண்ணில் கிடைத்ததைக் கொண்டே நிறைவேற்றிக் கொண்டனர். ஐரோப்பியர் பழங்கயிற்றைப் பிரித்தெடுத்த நாரைப் பொருத்துவாயில் அடித்து இறக்கி, அதன்மேல் கீலை உருக்கி ஊற்றினர். கயிறு பிரிக்கும் அவ்வேலை இங்கிலாந்தில் சிறைக்கைதிகளுக்கும் ஏழை விடுதிகளில் அடைக்கலம் புகுந்தோர்க்கும் தரப்பட்டது. சீனர் நாரைச் சுண்ணாம்போடும் துங் மரத்தின் எண்ணெயோடும் இடித்துக் குழைத்துப் பயன்படுத்தினர். 1974ஆம் ஆண்டில் சீனாவின் சுவான்சௌ துறைமுகத்தருகே அகழ்ந்தெடுக்கப்பட்ட 13ஆம் நூற்றாண்டுக் கப்பலில் இக்கலவை காணப்பட்டது. 1281ஆம் ஆண்டைச் சேர்ந்த தமிழ்க் கல்வெட்டு கிடைத்ததும் அதே சுவான்சௌ நகரில்தான். சோழமண்டலக் கரையின் மசூலாப் படகுகளோ ஆணியின்றித் தென்னங்கயிற்றால் தைக்கப்பட்டன; தையலின் கீழே புல்லையும் நாரையும் திணித்து நீரைத் தடுத்தனர்.

மலாய்க் கடற்கரையின் மரபும் மிகத் தொன்மையானது. பகாங் மாநிலத்தின் பொந்தியான் ஆற்றங்கரையில் 1926ஆம் ஆண்டில் ஒரு பழங்கலத்தின் சிதைவுகள் கண்டெடுக்கப்பட்டன. பிற்காலத்துக் கரிமக் காலக்கணிப்பு அதனைக் கி.பி. 3 முதல் 5ஆம் நூற்றாண்டு வரையிலான காலத்துக்குரியதெனக் காட்டியது. அதன் பலகைகள் மரமுளைகளாலும் பனையினத்து நார்க்கயிற்றாலும் பிணைக்கப்பட்டிருந்தன. மரமுளையால் பலகைகளை இணைக்கும் அம்முறை திரங்கானு மாநிலத்தின் டூயோங் தீவில் 20ஆம் நூற்றாண்டிலும் வாழ்ந்தது.

டூயோங் தீவின் தச்சர் வரைபடம் எதுவும் வைத்துக்கொள்வதில்லை. கண்ணளவும் கையளவுமே அவர்க்குக் கணக்கு. ஒரு பலகையின் விளிம்பில் துளையிட்டு மரமுளைகளை நடுவர். அவ்விளிம்பின்மீது கிளாம் மரத்தின் பட்டையைப் படுக்கையாகப் பரப்புவர். பின்னர் அடுத்த பலகையை முளைகளில் பொருத்தி அடித்து இறக்குவர். இவ்வாறு உடல் உருவான பின்னரே உள்ளே விலாச்சட்டங்கள் பொருத்தப்படும். கிளாம் பட்டை காகிதத்தைப் போன்ற பல மெல்லிய அடுக்குகளால் ஆனது. பலகையின் அழுத்தத்தில் அது தட்டையாகிறது. கலம் நீரில் இறங்கியதும் ஊறிப் பருத்து இடைவெளியை நிரப்புகிறது. கசிவை உண்டாக்க வரும் நீரே கசிவைத் தடுக்கும் துணையாகிவிடுகிறது.

பட்டைக்குத் துணைநின்றது டாமர் எனும் மரப்பிசின். தமிழர் வழிபாட்டில் புகையிடும் குங்கிலியத்தின் இனம் அது. அதனைப் பொடித்து எண்ணெயுடன் காய்ச்சிப் பூசினால் நீர் புகாது. கலத்துக்குப் பலகை தரும் செங்ஙால் மரமே உயர்ந்த வகை டாமரையும் தருவது வியப்புக்குரியது. காட்டில் அதனைத் திரட்டியவர்கள் பூர்வகுடி மக்கள். உப்புக்கும் துணிக்கும் இரும்புக்கும் அவர்கள் மாற்றிய பிசின், 19ஆம் நூற்றாண்டில் சிங்கப்பூர்ச் சந்தை வழியாக ஐரோப்பா வரை சென்றது. கடலையே காணாத கைகள் கடலோடிகளின் உயிரைக் காத்தன எனலாம்.

கலத்தின் அடிப்பகுதியைக் காப்பது மட்டும் போதாது. மேல்தளத்துக்குக் கடல்நீரைவிட மழைநீரே பெரும்பகை. உப்பு மரத்தை ஓரளவு காக்கும். தேங்கும் நன்னீரோ பூஞ்சையை வளர்த்து மரத்தை உளுக்கச் செய்யும். கயிறு கட்டும் கட்டைகளும் வாயிற் சட்டங்களும் தளத்தோடு சேரும் இடங்களிலும், ஆணித் துளைகளிலும் அந்நீர் மறைந்து தங்கும். எனவே ஐரோப்பியத் தச்சர் ஈயவெள்ளையை ஆளிவிதை எண்ணெயில் குழைத்து, அதனை மெத்தைபோல் இட்டபின்னரே அவ்வுறுப்புகளை முடுக்கினர். கண்ணுக்குத் தெரியும் கசிவைவிடத் தெரியாத கசிவே கலத்தை அழிக்கும் என்பது அவர்கள் கண்ட உண்மை.

சிங்கப்பூரின் கம்போங் கிளாம் இக்கதையைத் தன் பெயரிலேயே தாங்கி நிற்கிறது. ராபிள்ஸ் 1822ஆம் ஆண்டில் வகுத்த நகரத் திட்டத்தில், சுல்தான் உசேனுக்கும் மலாய், பூகிஸ், அராபிய மக்களுக்கும் ஒதுக்கப்பட்ட பகுதி அது. அங்குச் செழித்திருந்த கிளாம் மரங்களே ஊருக்குப் பெயர் தந்தன என்பது பெருவழக்கு. ஒராங் கிளாம் எனும் கடல்வாழ் இனத்தவரால் வந்த பெயர் என்பாரும் உளர். அம்மரத்தின் பட்டை படகுக்கும், இலை மருந்தெண்ணெய்க்கும் பயன்பட்டன. நகரம் வளர வளர மரங்கள் மறைந்தன. பெயர் மட்டும் நிலைத்தது.

இரும்புக் கப்பலும் இயந்திரமும் வந்தன. கண்ணாடி இழைப் படகுகளும் செயற்கைப் பசைகளும் தொடர்ந்தன. டூயோங் தீவில் உளியோசை குறைந்தது. இளைஞர் வேறு தொழில்களை நாடியதில் குற்றம் காண இயலாது. ஆயினும், எழுதி வைக்கப்படாத கலை, அறிந்தவர் மறையும்போது அவரோடு மறையும். கோட்டைகளுக்கும் கல்வெட்டுகளுக்கும் உள்ள காப்பு, பட்டைக்கும் பிசினுக்கும் இல்லை. அவை மட்கிப் போகும். அவற்றைப் பற்றிய அறிவு ஏட்டில் ஏறினால்தான் எஞ்சும். ஊர்ப்பெயரின் பொருளைத் தேடும் மாணவனும், முதிய தச்சரிடம் கேட்டு எழுதும் ஆசிரியரும் செய்வது கலப்பற்றுத் தொழிலே. தலைமுறைக்கும் தலைமுறைக்கும் இடையே அறிவு கசிந்து போகாமல் அவர்கள் அடைக்கின்றனர்.