முதலாம் எலிசபெத், விக்டோரியா: புகழ் வளர்ந்த வரலாறு

முதலாம் எலிசபெத் (ஆட்சி 1558–1603), விக்டோரியா (ஆட்சி 1837–1901) ஆகிய இரு அரசியரும் தாம் வாழ்ந்த காலத்துக்கே தம் பெயரைக் கொடுத்தவர்கள். முன்னவர் 44 ஆண்டுகளும் பின்னவர் 63 ஆண்டுகளும் ஆண்டனர். 70 ஆண்டு ஆண்ட இரண்டாம் எலிசபெத் இருவரையும் விஞ்சினாலும், 2022இல் மறைந்த அவரை எடைபோடக் காலம் இன்னும் கனியவில்லை. மற்ற இருவரின் புகழும் எப்படி வளர்ந்தது, அதில் அவர்களுக்கு உரிய பங்கு எவ்வளவு என்பதைப் பற்றியது இக்கட்டுரை.

எலிசபெத் 25 வயதில் அரியணை ஏறியபோது நாடு சோர்ந்திருந்தது. பிரெஞ்சு மண்ணில் இங்கிலாந்துக்கு மிச்சமிருந்த கலே நகரம் அந்த ஆண்டுத் தொடக்கத்தில்தான் பறிபோயிருந்தது. தந்தை எட்டாம் ஹென்றி காலம் முதல் நாணயத்தில் வெள்ளி குறைந்து மதிப்புக் கெட்டிருந்தது. கத்தோலிக்கர், சீர்திருத்தவாதிகள் பகை வேறு. 1559இல் சமயச் சட்டங்கள் இயற்றி, 1560–61இல் கலப்பட நாணயத்தைத் திரும்பப் பெற்றுப் புது நாணயம் வெளியிட்டார். வில்லியம் செசில் என்ற அமைச்சரை, 1598இல் அவர் இறக்கும்வரை நாற்பது ஆண்டு தம் பக்கம் வைத்துக்கொண்டார். எலிசபெத்தின் மெய்யான திறமை ஒத்திப்போடுவதில் இருந்தது. திருமணம், வாரிசு, போர் என எதைக் கேட்டாலும் பிடிகொடுக்காமல் நாள் கடத்தினார். பக்கத்து நாடான பிரான்சு சமயப் போரில் எரிந்துகொண்டிருந்த காலத்தில் இங்கிலாந்து தப்பியதற்கு இந்தத் தயக்கம் பெரிதும் உதவியது. இதைத்தான் அவரது முதன்மைச் சாதனையாகக் கொள்ள வேண்டும்.

மக்கள் நினைவில் நிற்பதோ 1588இல் ஸ்பெயினின் ஆர்மடா கப்பற்படை முறியடிக்கப்பட்ட கதை. அந்த வெற்றியில் மாலுமிகளின் திறமைக்கும் பீரங்கிகளுக்கும் புயலுக்கும் பங்குண்டு. ஆனால் வென்று திரும்பிய மாலுமிகள் சம்பளமின்றித் துறைமுகங்களில் காய்ச்சலில் மடிந்தனர். அவர்களைக் காப்பாற்றச் சொல்லித் தளபதி ஹோவர்ட் அரசுக்குக் கடிதம்மேல் கடிதம் எழுதினார், கைப்பணமும் செலவிட்டார். மறு ஆண்டு ஆங்கிலத் தளபதிகள் டிரேக்கும் நாரிசும் லிஸ்பனை நோக்கி நடத்திய படையெடுப்பு ஆயிரக்கணக்கான உயிர்களைத் தின்று தோற்றது. எலிசபெத் இறந்தபோதும் ஸ்பெயினுடனான போர் முடியவில்லை.

அயர்லாந்தில் அவரது ஆட்சி கொடியதாகவே இருந்தது. 1580இல் ஸ்மெர்விக்கில் சரணடைந்த வீரர்கள் வெட்டிக் கொல்லப்பட்டனர். மன்ஸ்டரில் பயிர்கள் எரிக்கப்பட்டுப் பஞ்சம் படர்ந்தது. கறை அயர்லாந்தோடு நிற்கவில்லை: 1564இல் ஜான் ஹாக்கின்சின் அடிமை வணிகப் பயணத்துக்கு அரசி தம் கப்பலையே கொடுத்தார். 1590களில் இங்கிலாந்தில் விளைச்சல் பொய்த்து, தனியுரிமை வணிகங்கள் விலைவாசியை ஏற்றியபோது அவர்மீது சலிப்பும் பெருகியது.

ஆயினும் புகழ் தேயவில்லை, ஏனெனில் அதைப் பேணுவதில் அரசே அக்கறை காட்டியது. அரசியை அழகின்றிக் காட்டும் ஓவியங்களை அழிக்க 1596இல் ஆலோசனைச் சபை ஆணையிட்டது. முதிய அரசியும் ஓவியத்தில் இளமை மாறாமல் நின்றார். அடுத்து வந்த முதலாம் ஜேம்ஸ்மீது மக்களுக்கு ஏற்பட்ட அதிருப்தி, பழைய அரசியை மேலும் மெருகேற்றியது. 1615இல் வில்லியம் காம்டன் எழுதிய எலிசபெத்தின் வரலாறு வெளிவந்தது. எலிசபெத்தின் ஆட்சி தொடங்கிய நவம்பர் 17 விழாநாளாக நீடித்தது. 1679 வாக்கில் அதே நாளில் போப்பின் உருவத்தை எரித்து ஊர்வலம் போனார்கள், அரசியலுக்கு அவர் பெயர் ஆயுதமானது. 19ஆம் நூற்றாண்டில் வரலாற்றாசிரியர் ஃப்ரூட் தம் பெருநூலில் பெருமையைச் செசிலுக்குத் திருப்பினார். 1934இல் ஜே. இ. நீல் எழுதிய வாழ்க்கை வரலாறு அரசியை மீண்டும் உயர்த்தியது.

விக்டோரியாவின் கதை வேறு. 18 வயதில் அவர் அரியணைக்கு வந்தபோது ஆட்சியதிகாரம் பெரும்பாலும் நாடாளுமன்றத்துக்குப் போயிருந்தது. ரயில், வாக்குரிமைச் சீர்திருத்தம், தொழில் வளர்ச்சி ஆகியவை அவரால் நிகழ்ந்தவை அல்ல. பெண்கள் வாக்குரிமை கேட்டதை அவரே எதிர்த்தார். 1861இல் கணவர் ஆல்பர்ட் இறந்தபின் பொதுவாழ்விலிருந்து ஒதுங்கினார். 1871 வாக்கில் முடியாட்சியே வேண்டாம் என்ற குரல் வெளிப்படையாக எழுந்தது. அவரை மீண்டும் மேடைக்குக் கொண்டுவந்ததில் பிரதமர் டிஸ்ரேலிக்குப் பெரும்பங்கு உண்டு. 1887 பொன்விழாவும் 1897 வைரவிழாவும் அவரைப் பேரரசின் தாயாக்கின. அவர் எழுதிய நாட்குறிப்புகளை மகள் பியாட்ரிஸ் திருத்திப் படியெடுத்து, மூலங்களை எரித்தார். நமக்குக் கிடைப்பது பெருமளவு வடிகட்டிய விக்டோரியாதான்.

அவருக்குச் சாதகமாகச் சொல்ல வேண்டியதும் உண்டு. 1858ஆம் ஆண்டு இந்தியப் பிரகடனத்தின் வரைவைக் கண்டு, அதன் மொழி பெருந்தன்மையுடனும் சமயச் சகிப்புத்தன்மையுடனும் இருக்க வேண்டும் என்று திருத்தச் சொன்னது அவரே.

ஆனால் இந்தியக் கணக்கில் மறுபக்கமும் உண்டு. 1876இல் அவர் இந்தியப் பேரரசிப் பட்டம் ஏற்றார். 1877 ஜனவரி 1 அன்று டெல்லியில் வைஸ்ராய் லிட்டன் அதைக் கொண்டாடினார். அதே நாட்களில் சென்னை மாகாணம் தாது வருஷப் பஞ்சத்தில் கிடந்தது. இரண்டாண்டுப் பஞ்சத்தில் இந்தியாவில் ஐம்பது லட்சத்துக்கும் மேற்பட்டோர் மாண்டதாக மதிப்பிடுகிறார்கள். நிவாரணப் பணியாளரின் தானியக் கூலியை அரசு அதிகாரி ரிச்சர்ட் டெம்பிள் குறைத்தார். அந்த முடிவுகளை அரசி எடுக்கவில்லை. எனினும் ரயிலும் செழிப்பும் அவர் காலத்துக்கு வரவு வைக்கப்படும்போது, இந்தப் பஞ்சமும் அதே கணக்கில் எழுதப்பட வேண்டியதே. அவரது பொன்விழாவின் நினைவாகச் சென்னையில் விக்டோரியா பப்ளிக் ஹால் எழுந்தது. பஞ்ச நாட்களில் கூலிக்காக மக்கள் வெட்டிய, அடையாற்றையும் கூவத்தையும் இணைக்கும் கால்வாய் அப்போதைய ஆளுநர் பக்கிங்காமின் பெயரை ஏற்றது.