1920களில் பள்ளிக்கூடத்தில் படித்த பிள்ளைகள்

கொஞ்சம் நீண்ட பதிவு. தேத்தண்ணியை வைத்துக்கொண்டு ஆறுதலாக வாசியுங்கள்.

போன கிழமை பதினொராம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஒரு வேலை கொடுத்தேன். இன்னும் கொஞ்ச நாளில் ஓ.எல் சோதினை. அதற்குப் பிறகு ஆளுக்கொரு திசை. "பக்கத்தில இருக்கிற ஆளைப் பற்றிப் பத்து வரி எழுதுங்கோ. புகழவும் வேண்டாம், நக்கலும் வேண்டாம். ஆள் எப்பிடி எண்டு மட்டும் எழுதுங்கோ" என்றேன்.

ஒரு பிள்ளை எழுதியிருந்தாள்: "பென்சில் கேட்டால் முறிச்சுப் பாதி தருவாள்." இதைவிட நல்ல நற்சான்றிதழ் எந்த அதிபரும் எழுதியதில்லை.

கடைசி வாங்கில் இருந்த ஒரு பெடியனுக்குப் பக்கத்து இடம் வெறுமை. அங்கே இருந்தவன் இரண்டு மாதமாகத் தகப்பனோடு கடலுக்குப் போகிறான். இவன் அந்த வெறும் இடத்தைப் பற்றி எழுதியிருந்தான்: "அவன் கணக்கில் விண்ணன். எனக்குச் சொல்லித் தந்தது அவன்தான். சோதினைக்கு வருவான் எண்டு நினைக்கிறன்."

அந்தக் கொப்பியை வீட்டுக்குக் கொண்டுபோய்த் திரும்பத் திரும்ப வாசித்தேன். வரலாறு படிப்பிக்கிறவனுக்கு வழமையாக வரும் கேள்விதான் வந்தது. நூறு வருஷத்துக்கு முன்னம் இதே யாழ்ப்பாணத்தில் பள்ளிக்கூடம் விட்டுப்போன பிள்ளைகளைப் பற்றி, பக்கத்து வாங்குக்காரன் பத்து வரி எழுதியிருந்தால் என்ன எழுதியிருப்பான்?

இரண்டு பிள்ளைகளை எடுத்துக்கொள்வோம்.

முதலாமவர் எங்கள் சோனகத் தெருப் பக்கத்துப் பிள்ளை. 1911 ஒக்ரோபர் 4இல் வண்ணார்பண்ணையில் பிறந்த அபூபக்கர் முகம்மது அப்துல் அஸீஸ். தகப்பனார் சட்டத்தரணி. குர்ஆன் ஓதப் பழகிய பிள்ளையைப் பிறகு எங்கே சேர்த்தார்கள் தெரியுமா? இராமகிருஷ்ண மிஷனின் வைத்தீஸ்வர வித்தியாலயத்தில். அங்கிருந்து 1923இல் யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரிக்குப் போய், 1929 வரை அங்கேதான் படித்தார். ஒரு முஸ்லிம் பிள்ளையைச் சைவப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பப் பெற்றார் துணிந்தார்கள். பள்ளிக்கூடமும் அவரைத் தன் பிள்ளையாகவே எடுத்துக்கொண்டது. ஒருவரும் இதை நல்லிணக்கம் என்று பெயர் வைத்து மேடை போட்டுக் கொண்டாடவில்லை. அது பிள்ளையைப் படிப்பிக்கிற அலுவல், அவ்வளவுதான்.

இரண்டாமவர் குருநகர் ஆக்களுக்குப் பக்கத்துப் பள்ளிக்கூடக்காரர். 1913 ஓகஸ்ட் 2இல் பிறந்தவர், ஊர் ஊர்காவற்றுறை. சேவியர் ஸ்தனிஸ்லாஸ் என்பது அப்போதைய பெயர். தாயைச் சிறு வயதிலேயே இழந்த பிள்ளை. 1920களில் எங்கள் கரையூருக்கு எட்டி நடக்கிற தூரத்தில் உள்ள சம்பத்திரிசியார் கல்லூரியில் படித்தார். குருநகரைக் கரையூர் என்றுதான் அந்த நாளில் சொன்னார்கள். அந்தப் பிள்ளையை உலகம் பிறகு தனிநாயகம் அடிகள் என்று அறிந்துகொண்டது.

இப்போது பத்து வரிக்கு வருவோம். 1929இல் சம்பத்திரிசியாரின் பக்கத்து வாங்குக்காரனிடம், "இவன் பிற்காலத்தில் என்ன ஆவான்?" என்று கேட்டிருந்தால், "தமிழைக் கொண்டுபோய் உலகத்துக்குக் காட்டுவான்" என்று சொல்லியிருப்பானா? சொல்லியிருக்க மாட்டான். அந்தக் காலத்து ஆங்கிலப் பள்ளிக்கூடங்களில் எல்லாம் ஆங்கிலம். கேம்பிரிட்ஜ் சீனியர் சோதினை எழுதினால் விடைத்தாள் கப்பலேறி இங்கிலாந்துக்குப் போய்த் திருத்துப்பட்டு வரும். தமிழ் ஓர் ஓரத்துப் பாடம். கொழும்பிலும் ரோமாபுரியிலும் படித்து 1938இல் குருவானவர், தமிழை ஒழுங்காகப் படிக்கத் தொடங்கியது 1940க்குப் பிறகுதான். திருநெல்வேலிப் பக்கத்து வடக்கன்குளத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் படிப்பித்துக்கொண்டே, சுப்பிரமணிய ஐயர் என்ற பண்டிதரிடம் பாடம் கேட்டார். ரோமாபுரியில் பட்டம் பெற்ற கத்தோலிக்கக் குரு, ஐயரிடம் மாணவனாக இருந்தார். 1945இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்துக்குத் தமிழ் படிக்கப் போகும்போது வயது முப்பத்திரண்டு. 1952இல் தமிழ் கல்ச்சர் என்ற ஆங்கில ஆய்விதழைத் தொடங்கினார். 1964 ஜனவரியில் புதுடில்லியில் உலகத் தமிழாராய்ச்சி மன்றம் உருவாகக் காரணமானவர். 1966இல் கோலாலம்பூரில் முதல் மாநாடு.

"எனக்குத் தமிழ் வராது, நான் இனி என்ன செய்யிறது சேர்?" என்று கேட்கிற பிள்ளைகளுக்கு நான் சொல்கிற கதை இது.

அஸீஸ் அவர்களின் பக்கத்து வாங்குக்காரன் என்ன எழுதியிருப்பான்? "கெட்டிக்காரன், சரித்திரத்தில் புள்ளி எடுப்பான், பெரிய உத்தியோகத்துக்குப் போவான்" என்று எழுதியிருப்பான். அது பலித்தது. கொழும்புப் பல்கலைக்கழகக் கல்லூரியில் சரித்திரம் படித்தார். 1935இல் இலங்கைச் சிவில் சேவைக்குத் தெரிவான முதல் முஸ்லிம் அவர். ஆனால் வாங்குக்காரனுக்குப் பிடிபட்டிருக்காத ஒன்று உண்டு. யாரும் விடத் துணியாத அந்த உத்தியோகத்தை 1948இல் விட்டுவிட்டு, கொழும்பு ஸாஹிராக் கல்லூரிக்கு அதிபராகப் போனார். 1961 வரை அங்கே இருந்தார். இந்துக் கல்லூரி ஒரு சோனகப் பிள்ளையை ஏற்றுக்கொண்டதுபோல, ஸாஹிராவும் தமிழ்ப் பிள்ளைகளை ஏற்றுக்கொண்டது. கரவெட்டியில் இருந்து போன ஒரு பிள்ளை அங்கே படித்தார், பிறகு அங்கேயே படிப்பித்தார். பேராசிரியர் கார்த்திகேசு சிவத்தம்பிதான் அவர். கடன் எப்படித் திரும்பிப் போயிருக்கிறது பாருங்கள்.

இரண்டு பேரும் படிக்கிற காலத்தில் ஊரில் வீசிய காற்றையும் சொல்ல வேண்டும். வட்டுக்கோட்டை யாழ்ப்பாணக் கல்லூரியில் ஹன்டி பேரின்பநாயகம் என்ற இளம் ஆசிரியர் இருந்தார். 1924இல் அவரும் தோழர்களும் மாணவர் காங்கிரஸைத் தொடங்கினார்கள். பின்னாளில் அது வாலிபர் காங்கிரஸ் ஆனது. சாதி ஒழிய வேண்டும், தாய்மொழியில் படிக்க வேண்டும், இன பேதம் கூடாது என்று அந்த இளந்தாரிகள் பேசினார்கள். அவர்கள் அழைத்துத்தான் 1927 நவம்பரில் காந்தி யாழ்ப்பாணம் வந்து பள்ளிக்கூடங்களில் பேசினார். அப்போது அஸீஸுக்கு வயது பதினாறு, ஸ்தனிஸ்லாஸுக்குப் பதினான்கு. ஹன்டி மாஸ்டர் 1949இல் கொக்குவில் இந்துக் கல்லூரிக்கு அதிபரானார். சைவப் பள்ளிக்கூடத்துக்குக் கிறிஸ்தவ அதிபர்!

பொற்காலம் என்று சொல்லி ஏமாற்ற எனக்கு விருப்பமில்லை. அதே வருஷங்களில் ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகளுக்குப் பல பள்ளிக்கூடங்களில் வாங்கு கிடையாது, நிலம்தான். சம ஆசனம் கொடுக்கச் சொன்னபோது பள்ளிக்கூடங்களை எரித்த ஊர் இது. ஆங்கிலப் பள்ளிக்கூடத்துக்குச் சம்பளம் கட்ட வேண்டும். இலவசக் கல்வி 1945இல்தான் வந்தது. ஆகவே கரையூர்க் கடற்றொழிலாளியின் பிள்ளைக்குச் சம்பத்திரிசியார் மதில் கிட்டத்தில் இருந்தாலும், வாசல் தூரத்தில் இருந்தது. அஸீஸும் ஸ்தனிஸ்லாஸும் வாங்கில் இருந்த பிள்ளைகள். வாங்கே கிடைக்காத பிள்ளைகளில் எத்தனை பேர் கணக்கில் விண்ணர்களாக இருந்தார்களோ, அவர்களைப் பற்றி ஒருவரும் பத்து வரி எழுதி வைக்கவில்லை.

இன்னொன்று. என் வாப்பாவும் யாழ்ப்பாணத்தில் படித்தவர்தான். அவருடைய வகுப்புக் குறூப் போட்டோ 1990 ஒக்ரோபரில் வீட்டோடு விட்டுவந்த சாமான்களில் ஒன்று. அப்போது நான் கைக்குழந்தை. புத்தளத்தில் கிடுகுக் கொட்டிலுக்குள் வளர்ந்த எனக்கு, அந்தப் படத்தை வாப்பா வாயால்தான் காட்டினார். மேல் வரிசை, நடு வரிசை, யார் கண்ணை மூடிக்கொண்டு நின்றது, எல்லாம் சொல்வார். தனக்குப் பக்கத்தில் நின்ற குருநகர்ப் பெடியன் சைக்கிளில் ஏற்றிவந்து ஐந்து சந்தியில் இறக்கிவிட்டுப் போவானாம்.

ஆசிரியர் கலாசாலை முடித்து, இந்தப் பக்கம் எனக்கு நியமனம் கிடைத்த அன்று வாப்பா சொன்ன முதல் வார்த்தை: "மகன், அவன் இருக்கானா எண்டு விசாரி." விசாரித்தேன். கனடா போய்விட்டார் என்றார்கள். இன்னும் தேடிக்கொண்டுதான் இருக்கிறோம்.

எங்கள் பிள்ளைகள் வேறு பள்ளிக்கூடங்களில், வேறு ஊர்களில் வளர்ந்து ஒரு தலைமுறை போய்விட்டது. அஸீஸுக்கும் வாப்பாவுக்கும் கிடைத்த பக்கத்து வாங்கு எனக்குக் கிடைக்கவில்லை. அதனால்தான் அந்தப் பத்து வரியை இவ்வளவு பெரிதாக எடுத்துக்கொள்கிறேன் போல.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து, பின்நேரம் இறங்குதுறைக்குப் போனேன். அந்தப் பெடியன் வலை தெரிந்துகொண்டிருந்தான். கூட்டாளி எழுதிய கடதாசியைக் கொடுத்தேன். ஈரக் கையைச் சாரத்தில் துடைத்துவிட்டு வாங்கினான். இரண்டு தரம் வாசித்தான். நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்தான். தகப்பன் வலையில் இருந்து கண் எடுக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்துப் பெடியன் மெல்லக் கேட்டான்: "அட்மிஷன் கார்ட் வந்திட்டுதோ சேர்?"

வந்துவிட்டது. என் மேசை லாச்சிக்குள் இருக்கிறது.

உறவுகளே, உங்கள் வீட்டில் பழைய வகுப்புப் படம் இருந்தால், தாத்தாவையோ அம்மம்மாவையோ பெத்தாவையோ பக்கத்தில் இருத்தி, படத்தின் பின்பக்கம் பெயர்களை எழுதுங்கள். பெயரோடு ஒரு வரியும் எழுதுங்கள். பென்சிலைப் பாதி முறித்துத் தந்தது யார் என்று.

வஸ்ஸலாம்.