சிக்மகளூரிலிருந்து செம்பூருக்கு

சிக்மகளூரின் பாபாபுடன் மலையில் மார்ச், ஏப்ரலில் ஒரு நல்ல மழை விழுந்தால் பத்து நாளுக்குள் காபிச் செடிகள் வெள்ளை வெளேரென்று பூத்துவிடும். தோட்டக்காரர்களுக்கு அது பூமழை. பூ நிற்பது இரண்டு மூன்று நாள்தான். காய் பிடித்துப் பழுத்துச் சிவக்க அராபிகாவுக்கு எட்டொன்பது மாதம், ரோபஸ்டாவுக்குப் பத்துப் பதினொரு மாதம். மும்பையின் செம்பூரில் நாலாவது மாடி அடுக்களையில் ஒருவர் ஞாயிற்றுக்கிழமை காலையில் போடுகிற கப்புசினோவுக்கான கொட்டை, முந்தின வருஷத்து மழையில் இப்படிப் பிறந்ததுதான்.

பதினேழாம் நூற்றாண்டில் பாபா புடன் என்ற சூஃபி, யேமனின் மோக்கா துறைமுகத்திலிருந்து ஏழு கொட்டைகளை ஒளித்துக் கொண்டுவந்து இந்த மலையில் விதைத்தார் என்பது மரபுக் கதை. இன்று அங்கே பறிக்கிற பழம் மலையிறங்க இரண்டு வழி உண்டு. தோலுரித்து, கழுவி, உலர்த்தினால் அராபிகா 'பிளாண்டேஷன்' ஆகிறது, ரோபஸ்டா 'பார்ச்மென்ட்' ஆகிறது. பழத்தோடேயே வெயிலில் காயப்போட்டால் இரண்டுமே 'செர்ரி'. பிறகு ஹாசன், மங்களூர் போன்ற ஊர்களின் க்யூரிங் ஆலைகளில் தவிட்டுத்தோல் நீக்கி, சல்லடையில் சலித்து, பெரிது சிறிதாகத் தரம் பிரிப்பார்கள். இரட்டைப் பருப்புக்குப் பதிலாக ஒற்றையாக உருண்டு திரண்டதைப் பீபெர்ரி என்று தனியே எடுத்துவிடுவார்கள்.

இதற்கப்பால் அந்தக் கொட்டை எங்கே போவது என்பதை நெடுங்காலம் தோட்டக்காரர் தீர்மானிக்கவில்லை. 1942ஆம் ஆண்டுக் காபிச் சட்டத்தின்படி விளைச்சலைக் காபி வாரியத்தின் பொதுக் கிடங்கில் சேர்க்க வேண்டும். வாரியம் ஏலம் போடும். எல்லாத் தோட்டத்துக் கொட்டையும் அங்கே ஒன்றாகக் கலந்துவிடும். 1990களில் இந்தக் கட்டுப்பாடு படிப்படியாக விலகியது. இன்ன தோட்டம், இன்ன பதம், இன்ன தேதியில் வறுத்தது என்று அச்சிட்ட பொட்டலம் இன்று தபாலில் வீடு தேடி வருவது அதற்குப் பிறகுதான் சாத்தியமாயிற்று.

இந்தியக் காபியில் பெரும்பகுதி கப்பலேறிவிடுகிறது. நெடுங்காலமாக அதை அதிகம் வாங்கும் நாடு இத்தாலி. எஸ்பிரஸோவின் மேலே படியும் பொன்னிற நுரைக்கும் வாயில் நிற்கும் கனத்துக்கும் அங்குள்ள கலவைக்காரர்கள் ரோபஸ்டாவை நம்புகிறார்கள். மழைக்காலக் காற்றில் ஊறவிட்ட 'மான்சூன்ட் மலபார்' அவர்களுக்கு இன்னும் பிடித்தம். பாய்மரக் கப்பல் காலத்தில் மாதக் கணக்காகக் கடல் ஈரம் குடித்துக் கொட்டை வெளுத்துப் புளிப்பு மங்கிவிடும். அந்தச் சுவைக்குப் பழகிய ஐரோப்பியர்களுக்கு, நீராவிக் கப்பல் விரைவாகக் கொண்டுவந்து சேர்த்த புதுக் கொட்டை ருசிக்கவில்லை. அதனால் மேற்குக் கரைக் கிடங்குகளில் கொட்டையைப் பரப்பி, தென்மேற்குப் பருவக்காற்றைக் கொண்டே அந்த வேலையைச் செய்ய ஆரம்பித்தார்கள். ஆகவே இத்தாலியக் கடையில் ஒருவர் பருகும் கப்புசினோவில் நம்மூர் மழை இருக்கக்கூடும். மறுதிசையில் வந்தவை சாதனங்கள். 1901இல் லூயிஜி பெஸேரா நீராவியால் காபி இறக்கும் யந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றார். 1933இல் அல்ஃபோன்ஸோ பியாலெட்டி அடுப்பில் வைக்கும் அலுமினிய மோக்கா பாத்திரத்தைக் கொண்டுவந்தார். 1948இல் அக்கிலே காஜியாவின் நெம்புகோல் யந்திரம் எட்டொன்பது பார் அழுத்தத்தில் நுரை ததும்பும் எஸ்பிரஸோவைப் பிழிந்தது.

இத்தாலிக்குப் போகாத மூட்டை ரயிலிலும் லாரியிலும் பம்பாய்க்கு வந்தது. தாதர், மாட்டுங்கா பகுதிகளை நகர மேம்பாட்டு டிரஸ்ட் மனை பிரித்த பிறகு, சுருக்கெழுத்தும் தட்டச்சும் படித்துவிட்டு மெட்ராஸ் மாகாணத்திலிருந்து வந்த குமாஸ்தாக்கள் அங்கே குடியேறினார்கள். 1932இல் எஸ்.ஐ.இ.எஸ். என்கிற தென்னிந்தியக் கல்விச் சங்கம், 1936இல் கஃபே மைசூர், 1940இல் கஃபே மெட்ராஸ், 1942இல் ராமா நாயக்கின் உடுப்பி போர்டிங் என்று பள்ளியும் சாப்பாடும் பின்னாலேயே வந்தன. அந்த 1936இல்தான் சர்ச்கேட் தெருவில் நாட்டின் முதல் இந்தியா காபி ஹவுஸ் திறந்தது. மாட்டுங்காவில் மைசூர் கன்சர்ன்ஸ் போன்ற பொடிக்கடைகள் இன்றும் கொட்டை வறுத்து, கண்ணெதிரே அரைத்துக் கொடுக்கின்றன. அங்கே கேள்வி சுருக்கமானது: "எண்பது இருபதா, எழுபது முப்பதா மாமி?" பின்னால் வருகிற எண் சிக்கரி. சட்டம் 49 சதவீதம் வரை அனுமதிக்கிறது. எவ்வளவு என்பதைப் பொட்டலத்தில் அச்சிட்டாக வேண்டும்.

அந்தச் சிக்கரி தெற்கிலிருந்து வருவதில்லை. குஜராத்தில், குறிப்பாக ஜாம்நகர்ப் பக்கத்தில் விளையும் கிழங்கு அது. டம்ளரில் சேரும் பாலுக்கும் குஜராத்தோடு பழைய உறவு உண்டு. பெஸ்தோன்ஜி எதுல்ஜி என்ற பார்சி, பம்பாயில் சிக்கரி கலந்த 'ஃபிரெஞ்சு காபி' விற்று வளர்ந்தவர். பால்சன் என்பது அவருடைய கம்பெனி. வெண்ணெய்க்குத் திரும்பி, 1930இல் ஆனந்தில் பால்பண்ணை தொடங்கினார். 1945இல் வந்த பம்பாய் பால் திட்டத்துக்குக் கைரா மாவட்டப் பால் பால்சன் வழியாகத்தான் போயிற்று. விலையில் தமக்குப் பங்கில்லை என்று கொதித்த விவசாயிகள் 1946இல் கூட்டுறவுச் சங்கம் அமைத்தார்கள். அமுல் பிறந்த வரலாறு அது. காபிப்பொடி வியாபாரி ஒருவரோடு மோதியதில்தான் பம்பாயின் பால் கூட்டுறவுக்கு வந்தது.

கொட்டையும் பாலும் இப்படி அடுக்களைக்கு வந்து சேர்ந்தபின் மீதி இருப்பது அரைப்பு. கப்புசினோ ஆசை வந்தவர்கள் பலர் முதலில் யந்திரம் வாங்குகிறார்கள். அது தலைகீழ் வரிசை. ஃபில்டரில் தண்ணீர் தன் எடையாலேயே இருபது முப்பது நிமிஷம் சொட்டுகிறது. மோக்காவில் நீராவி ஒன்றிரண்டு பார் அழுத்தத்தில் தள்ளுகிறது. எஸ்பிரஸோவில் 18 கிராம் பொடியின் ஊடே ஒன்பது பார் அழுத்தத்தில் 36 கிராம் திரவம் 25 முதல் 30 விநாடிக்குள் இறங்க வேண்டும். பொடி கொஞ்சம் பெருவெட்டானால் பத்து விநாடியில் பாய்ந்து புளிக்கும்; கொஞ்சம் நைஸானால் அடைத்துக்கொண்டு கசக்கும். இந்த நுணுக்கத்தைக் கத்தி சுழலும் மிக்ஸி தராது. அதில் தூளும் நொய்யும் சேர்ந்தே வரும். இரண்டு பற்சக்கரங்களுக்கு இடையே நசுக்கும் பர் கிரைண்டர் வேண்டும். யந்திரத்தின் விலையோடு ஒப்பிட்டால் கையால் சுற்றும் நல்ல கிரைண்டர் மலிவு. சிக்கரி கலந்த பொடியை எஸ்பிரஸோ யந்திரத்தில் போடவே கூடாது. ஈரம் பட்டால் அது உப்பித் தண்ணீரைப் பிடித்து நிறுத்தும். ஃபில்டரில் அது நன்மை, டிகாஷன் திக்காக இறங்கும். அழுத்தத்தில் அது அடைப்பு.

யந்திரத்தின் பெட்டியில் 15 பார், 20 பார் என்று போட்டிருப்பதைப் பார்த்து மயங்க வேண்டாம். அது பம்ப்பின் சக்தி. பொடிக்குத் தேவை ஒன்பதுதான். கடையில் அரைத்த பொடியையே பயன்படுத்துவதாக இருந்தால், பொடி போடுவதற்கு இரட்டைச் சுவர்க் கூடை உள்ள யந்திரம் மன்னிக்கும், ஆனால் நுரை அங்கே துளையின் உபயம். சொந்தமாக அரைப்பவருக்கு ஒற்றைச் சுவர்க் கூடை. ஒரே பாய்லர் உள்ள சிறு யந்திரத்தில் காபி இறக்கியபின் நீராவிக்குச் சூடேறும்வரை காத்திருக்க வேண்டும். வீட்டில் நாலு பேருக்குப் போடுகிறவர் இதை முன்கூட்டியே யோசிப்பது நல்லது. தண்ணீர் விஷயத்தில் மும்பைக்கு ஒரு சலுகை. தான்சா, வைதரணா போன்ற ஏரிகளின் நீர் மென்மையானது. பாய்லரில் உப்புப் படிவது குறைவு. கட்டடத்துக்கு டேங்கரோ போர் தண்ணீரோ வந்தால் இந்தச் சலுகை ரத்து. ஜூன் முதல் நாலு மாதம் பொடி ஈரம் வாங்கும். கொட்டையாக, கால் கிலோவுக்கு மேல் போகாமல் வாங்க வேண்டும்.

இவ்வளவுக்கும் இடம் எங்கே? தாராவியின் பத்துக்குப் பத்து அறையில் சமையலும் படுக்கையும் ஒன்றாக இருக்க, முப்பது சென்டிமீட்டர் அகல யந்திரத்துக்கு மேடை கிடையாது. செம்பூரின் ஒரு படுக்கையறை வீட்டிலும் மிக்ஸிக்கும் தண்ணீர் சுத்திகரிப்பானுக்கும் நடுவில் அது விழி பிதுங்கித்தான் நிற்கும். அங்கெல்லாம் மோக்கா போதும். மூன்று கப் அளவுள்ளதில் சுமார் 15 கிராம் பொடி. ஃபில்டர் பொடியைவிடச் சற்று நைஸாக, சிக்கரி இல்லாமல். மோக்காவும் வேண்டாமா? பித்தளை ஃபில்டரிலேயே பொடியைத் தாராளமாகப் போட்டு, தண்ணீரைக் குறைத்து, முதல் டிகாஷனை மட்டும் எடுத்தால் கள்ளிச்சொட்டாக இறங்கும். அதில் ஐம்பது மில்லி ஒரு கோப்பைக்கு அடித்தளம். எஸ்பிரஸோவின் பொன்னிற ஏடு வராது. பால் சேர்ந்தபின் அதன் குறை நாக்குக்கு அதிகம் தெரியாது.

மீதிப் பாதி பால். கல்யாண வீட்டில் 'எக்ஸ்பிரஸோ' என்ற பெயரில், உடனடிக் காபிப்பொடியும் பாலும் கலந்து நீராவி விட்டு, மேலே கோகோ தூவிக் கொடுத்தார்களே, நம்மில் பலருக்கும் யந்திர நுரை அறிமுகமானது அங்கேதான். டபராவில் ஆற்றி எழுப்பும் நுரையைப் போலவே அதிலும் பெரிய குமிழிகள், சீக்கிரம் உடையும். கப்புசினோவின் குமிழி கண்ணுக்குத் தெரியாத அளவு சிறியது, பாலோடு பாலாகக் கனமாக ஓடும். குமிழியைத் தாங்கிப் பிடிப்பது பாலின் புரதம். அதனால் 3 சதவீதக் கொழுப்புள்ள டோன்ட் பாலும் நன்றாகவே நுரைக்கும். 6 சதவீத ஃபுல் கிரீம் ருசியில் ஜெயிக்கும். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த குளிர்ந்த பாலில் தொடங்கி, முதலில் கொஞ்சம் காற்று சேர்த்து, பிறகு சுழலவிட்டு, 60 முதல் 65 டிகிரியில் நிறுத்திவிட வேண்டும். எழுபதைத் தாண்டினால் பாலின் இனிப்பு மங்கிக் காய்ச்சல் வாசனை தலைதூக்கும். நீராவிக் குழாய் இல்லாதவர் பாலைச் சூடாக்கி ஃபிரெஞ்சு பிரஸ்ஸில் ஊற்றி, உலக்கையை வேகமாக ஏற்றி இறக்கினாலும் மென்மையான நுரை கிடைக்கும். பாலைக் காய்ச்சாமல் எப்படி என்று வீட்டுப் பெரியவர்கள் கேட்பார்கள். பாக்கெட் பால் பாஸ்டரைஸ் செய்தது. மனம் ஒப்பாவிட்டால் காய்ச்சி, ஆடை நீக்கி, குளிரவைத்து எடுத்துக்கொள்ளலாம்.

ஆக வாங்கும் வரிசை இது: நல்ல கொட்டை, பர் கிரைண்டர், நுரைக்க ஒரு ஃபிரெஞ்சு பிரஸ், வேண்டுமானால் மோக்கா. இவற்றோடு சில மாதம் புழங்கிவிட்டு, அப்போதும் போதவில்லை என்று தோன்றினால் யந்திரக் கடைக்குப் போகலாம். அதற்குள் பாலைச் சரியான சூட்டில் நிறுத்தக் கை பழகியிருக்கும், பெருவெட்டுக்கும் நைஸுக்கும் உள்ள வேறுபாடு நாக்குக்குத் தெரிந்திருக்கும். விற்பனையாளர் பார் கணக்கைச் சொல்ல ஆரம்பித்தால், கூடைக்கு ஒற்றைச் சுவரா இரட்டைச் சுவரா என்று திருப்பிக் கேட்கவும் வரும்.