வாத்தியார் இல்லாத மாணவன்: சலுகையின் 800 வருடக் கதை

பட்டம் வாங்கி ஒரு வருடம் ஆகியிருக்கும். பர்ஸுக்குள் பழைய காலேஜ் ஐடி கார்டு மட்டும் பத்திரமாக இருக்கும். மியூசியம் வாசலில், சாஃப்ட்வேர் வாங்கும்போது, பஸ்ஸில், எங்கே 'மாணவர்களுக்குச் சலுகை' என்று பார்த்தாலும் கை தானாக பர்ஸுக்குப் போகும். "காட்டினால் என்ன? யாருக்கு நஷ்டம்?"

இது இந்தத் தலைமுறையின் கேள்வி என்று நினைத்தால் தப்பு. 800 வருடங்களுக்கு முன்பே ஒரு ராஜாவும் ஒரு போப்பும் இதே கேள்விக்குப் பதில் எழுதி வைத்திருக்கிறார்கள்.

கதை பாரிஸில் ஆரம்பிக்கிறது, அதுவும் ஒரு சாராயக்கடையில்! 1200-ஆம் ஆண்டு அங்கே நடந்த அடிதடியில் நகர அதிகாரியின் ஆட்கள் சில மாணவர்களைக் கொன்றுவிட்டார்கள். ஆசிரியர்கள் கொதித்துப் போனார்கள். இவர்கள் ஊரைவிட்டுக் கிளம்பிவிட்டால் பாரிஸுக்குத்தான் இழப்பு என்பது மன்னர் இரண்டாம் பிலிப்புக்குத் தெரியும். மாணவர்களை இனி சாதாரண நகரக் காவலர்கள் விசாரிக்கக் கூடாது, திருச்சபை நீதிமன்றம்தான் விசாரிக்க வேண்டும் என்று சாசனம் எழுதிக் கொடுத்தார்.

மாணவன் என்ற பெயருக்கு ஒரு மதிப்பு வந்துவிட்டது. மதிப்பு வந்தால் போலியும் வரும் இல்லையா? புத்தகத்தையே தொடாதவர்களும் 'நானும் மாணவன்தான்' என்று சொல்லித் தப்பிக்க வழி கிடைத்துவிட்டது. 1215-இல் போப்பின் பிரதிநிதி ராபர்ட் தெ கூர்சோன் பாரிஸ் பல்கலைக்கழகத்துக்கு விதிகள் வகுத்தபோது, குறிப்பிட்ட ஓர் ஆசிரியர் இல்லாத எவரும் பாரிஸில் மாணவர் அல்ல என்று தெளிவாக எழுதினார். வயதைப் பற்றியோ வறுமையைப் பற்றியோ அந்த விதி பேசவில்லை. உனக்கு வாத்தியார் யார் என்பதுதான் ஒரே கேள்வி.

1229-இல் மறுபடியும் கலவரம். இந்த முறை மதுவுக்கான பில்லில் தகராறு :) மாணவர்கள் சிலர் கொல்லப்பட்டார்கள். ஆசிரியர்கள் வகுப்புகளை நிறுத்திவிட்டு ஊரைக் காலி செய்தார்கள். இங்கிலாந்து மன்னர் மூன்றாம் ஹென்றி, "இங்கே வாருங்கள்" என்று அழைப்பு அனுப்பினார். சிலர் ஆக்ஸ்ஃபோர்டுக்கும் கேம்பிரிட்ஜுக்கும் போனார்கள். இரண்டு வருடம் நீடித்த இந்த வேலைநிறுத்தம் 1231-இல் போப் ஒன்பதாம் கிரகரியின் ஆணையோடு முடிவுக்கு வந்தது. அதில் மாணவர்களின் உரிமைகள் உறுதி செய்யப்பட்டன. வீட்டு வாடகையை நிர்ணயிக்கும் உரிமை பறிக்கப்பட்டால் பாடத்தை நிறுத்தலாம் என்று கூட இருந்தது! கூடவே ஒரு வரியும் உண்டு: வகுப்புக்கும் போகாமல், ஆசிரியரும் இல்லாமல், மாணவர்போல நடிப்பவர்களுக்கு இந்த உரிமைகள் கிடையாது.

அதே 1231-இல் கேம்பிரிட்ஜிலும் கிட்டத்தட்ட இதேதான் நடந்தது. மாணவர்களிடம் வீட்டுக்காரர்கள் கேட்கும் வாடகையை இரண்டு ஆசிரியர்களும் இரண்டு ஊர்க்காரர்களும் சேர்ந்து நிர்ணயிக்க வேண்டும் என்று ஹென்றி உத்தரவிட்டார். இன்றைய ஸ்டூடன்ட் டிஸ்கவுண்டின் கொள்ளுத்தாத்தா என்று இதைச் சொல்லலாம். அதே வருடம், எந்த ஆசிரியரின் கீழும் படிக்காதவர்கள் ஊரில் தங்கக் கூடாது என்றும் உத்தரவு போட்டார்.

ஆக, சலுகையும், 'யார் மாணவன்' என்ற வரையறையும் இரட்டைப் பிள்ளைகள். ஆசிரியர் தன் மாணவர்களின் பெயர்களைப் பட்டியலாக வைத்திருப்பார். லத்தீனில் அந்தப் பட்டியலுக்கு 'மெட்ரிகுலா' என்று பெயர். தமிழ்நாட்டில் தெருவுக்குத் தெரு போர்டு தொங்கும் 'மெட்ரிகுலேஷன்' பள்ளிக்குப் பெயர் வந்த மூலம் இதுதான். பட்டியலில் பெயர் இருப்பதுதான் அந்தக் காலத்து ஐடி கார்டு.

சரி, இன்றைய கேள்விக்கு வருவோம். பொருளாதாரப் பேராசிரியர் பிகூ 1920-இல் விலை வேறுபாட்டை மூன்று வகையாகப் பிரித்தார். மூன்றாவது வகையில், வாங்குபவர்களை வெளியே தெரியும் ஓர் அடையாளத்தை வைத்துப் பிரித்து, ஒவ்வொரு பிரிவுக்கும் ஒரு விலை வைப்பார்கள். மாணவர் சலுகை இந்த வகைதான். கம்பெனிக்காரர் இரக்கப்பட்டுக் கொடுப்பதில்லை. முழு விலை என்றால் மாணவன் வாங்கவே மாட்டான், பாதி விலைக்காவது வாங்கட்டும் என்ற கணக்கு.

இங்கேதான் பழைய கார்டுக்காரர் ஒரு நல்ல வாதம் வைக்கிறார். "வேலை கிடைக்கவில்லை. முழு விலை என்றால் நானும்தான் வாங்க மாட்டேன். அப்புறம் கம்பெனிக்கு என்ன நஷ்டம்? காரில் வந்து இறங்கும் மாணவனுக்குச் சலுகை, எனக்கு இல்லையா?" இதை எளிதில் தள்ளிவிட முடியாது. பட்டம் வாங்கிய மறுநாளே யாரும் பணக்காரர் ஆகிவிடுவதில்லை.

ஆனால் இதற்குப் பதில் கேரளத்தில் கிடைக்கிறது. 1958-இல் குட்டநாட்டுப் பக்கம் படகுப் போக்குவரத்தை அரசு எடுத்துக்கொண்டபோது, மாணவர்களின் ஓரணா கட்டணம் 10 நயா பைசா ஆனது. ஓரணா என்றால் ஆறேகால் நயா பைசாதான். மாணவர்கள் தெருவில் இறங்கினார்கள், அடியும் சிறையும் பட்டார்கள். கடைசியில் அரசு பழைய சலுகைக்கே இறங்கி வந்தது. 'ஓரணா சமரம்' என்று இன்றும் அதைச் சொல்கிறார்கள். மூன்றே முக்கால் பைசாவுக்காக நடந்த போராட்டம்!

அதே கேரளத்தில் 2023-இல் அரசுப் போக்குவரத்துக் கழகம் நிதி நெருக்கடியைச் சொல்லி, 25 வயதைத் தாண்டிய மாணவர்களுக்குச் சலுகை கிடையாது என்றது. உண்மையிலேயே படித்துக்கொண்டிருந்த 26 வயதுக்காரரும் அதில் அடிபட்டார். சலுகையின் சுமை கூடும்போது விதி இறுகும். இறுகும் விதி முதலில் நெரிப்பது, ஓரத்தில் நிற்கும் உண்மையான மாணவனைத்தான்.

பழைய கார்டு காட்டுபவர் கம்பெனியை ஏமாற்றுவதாக நினைக்கிறார். ஆனால் சுமையைக் கூட்டுவது அவரும்தான். கண்டக்டர் ஒவ்வொரு கார்டையும் சந்தேகத்தோடு திருப்பிப் பார்க்கும்போது, அதற்கான விலையைக் கொடுப்பவர் அடுத்த சீட்டில் உட்கார்ந்திருக்கும் பி.காம் முதல் வருட மாணவர். 1231-லும் இதே கதைதான். போலிகளைத் துரத்தும் வரி இல்லாமல் உண்மையான மாணவனுக்கு வாடகைச் சலுகை நிலைத்திருக்காது.

வேலை தேடும் பட்டதாரியின் கஷ்டம் நிஜம். அதற்கு அவர் கேட்க வேண்டியது வேலை தேடுவோருக்கான சலுகை. ஓரணாவுக்குப் போராடியவர்கள் படகில் ஏமாற்றி ஏறவில்லை, 'எங்களுக்கு இது வேண்டும்' என்று வெளிப்படையாகக் கேட்டார்கள்.

பழைய ஐடி கார்டைத் தூக்கிப் போட வேண்டியதில்லை. ஆல்பத்தில் வைக்கலாம். கவுண்டரில் நீட்டுவதற்கு முன் மட்டும், 1215-இல் பாரிஸில் கேட்ட கேள்வியை ஒருமுறை கேட்டுக்கொண்டால் போதும்: இப்போது வாத்தியார் யார்?