ஜல்லிப் படுகையில் படியும் சுண்ணம்: நிலநிரப்பிட வடிகால்களின் உயிரியல் அடைப்பு

முன்னுரை

குப்பை நிலநிரப்பிடத்தின் அடியில் களிமண்ணாலோ எச்.டி.பி.இ. (உயரடர்த்தி பாலித்தீன்) தாளாலோ ஆன தடுப்புப் படலம் கசிவுநீரை மண்ணுக்குள் இறங்கவிடாமல் காக்கிறது. அதன்மேல் பரப்பிய ஜல்லிப் படுகையும் துளையிட்ட குழாய்களும் அந்நீரைத் தேங்கவிடாமல் வெளியேற்றுகின்றன. படலத்தின்மேல் நிற்கும் நீர் 30 செ.மீ.க்குக் குறைவாக இருக்க வேண்டும் என்பது அமெரிக்கக் கூட்டாட்சி விதி. இந்த வரம்பைக் காக்க வேண்டியது வடிகால். புதிய ஜல்லியில் அளந்த ஊடுருவுதிறனை மட்டும் கொண்டு வடிகாலை மதிப்பிடுவது போதாது. அதில் சேரும் வேதிச்சுமையும் நீர் குவியும் இடமுமே அதன் ஆயுளைத் தீர்மானிக்கின்றன என்பது இக்கட்டுரையின் வாதம்.

கீல் வேலி தரும் சான்று

கனடாவின் டொராண்டோ பகுதிக் குப்பையை 1983 முதல் 2002 வரை ஏற்ற கீல் வேலி நிலநிரப்பிடத்தின் படுகையை ஃபிளெமிங், ரோ, கல்லிமோர் ஆகியோர் தோண்டிப் பார்த்து 1999-இல் ஆய்வு வெளியிட்டனர். ஜல்லி 50 மி.மீ. அளவுள்ளது. ஆயினும் சில ஆண்டுகளிலேயே கற்களுக்கிடையே உயிரிப்படலமும் கெட்டிப்பட்ட படிவும் சேர்ந்து, ஊடுருவுதிறன் ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு பங்காகச் சரிந்திருந்தது. படிவின் பெரும்பகுதி கால்சியம் கார்பனேட். ஜல்லியே கரைந்து மீண்டும் படிந்தது என்ற விளக்கம் பொருந்தாது. கண்ணாடி மணிகள் நிரப்பிய ஆய்வகக் குழல்களிலும் இதே படிவு உருவாயிற்று.

கால்சியம் குப்பையிலிருந்து வருகிறது. இளம் கசிவுநீரில் அசெட்டிக், புரோப்பியோனிக், பியூட்டிரிக் அமிலங்கள் மிகுதி. அந்த அமிலத்தன்மை கால்சியத்தைக் கரைந்த நிலையில் வைத்திருக்கிறது. ஜல்லியில் குடியேறிய நுண்ணுயிர்கள் அமிலங்களைச் சிதைக்கும்போது மீத்தேனும் கார்பனேட்டும் உண்டாகின்றன, பி.எச். உயர்கிறது, கால்சியம் கார்பனேட்டாகப் படிகிறது. நுண்மண்ணும் இரும்பும் அதில் சிக்குகின்றன. குழாயில் வரும் நீரில் கால்சியம் குறைந்தால் அதை நற்குறியாகக் கொள்ள முடியாது. குப்பை முதிர்ந்திருக்கலாம்; கால்சியம் படுகைக்குள்ளேயே தங்கியும் இருக்கலாம்.

சராசரி தரும் மயக்கம்

ஒரு ஹெக்டேரில் 0.3 மீ. தடிமனுள்ள படுகையில் புழைவெளி 40 விழுக்காடு எனக் கொண்டால் வெற்றிடம் 1,200 கன மீட்டர். ஆண்டுக்கு 200 மி.மீ. நீர் இறங்கினால் கசிவுநீர் 2,000 கன மீட்டர். லிட்டருக்கு 1 கிராம் கால்சியம் முழுவதும் படிந்தால் 5 டன் கார்பனேட், அதாவது சுமார் 1.85 கன மீட்டர். இவ்வேகத்தில் படுகை நிரம்ப 600 ஆண்டுகளுக்கு மேலாகும்.

களநிலை இதற்கு நேர்மாறாக இருப்பதற்குக் காரணங்கள் மூன்று. ஈரமான உயிரிப்படலமும் சிக்கிய துகள்களும் சேர்ந்த படிவு, தூய கனிமத்தைவிடப் பன்மடங்கு இடம் பிடிக்கும். புழைகளின் குறுகிய வாய் அடைபட்டாலே, வெற்றிடம் மீந்திருந்தும் ஓட்டம் தடைபடும். மூன்றாவதே முதன்மையானது: குழாய்களுக்கிடையே 50 மீ. இடைவெளி இருந்தால், குழாயை ஒட்டிய ஒரு மீட்டர் ஜல்லி தன்மேல் நேரே இறங்கும் நீரைப்போல் 25 மடங்கைக் கடத்துகிறது. அடைப்பு அங்கேதான் முற்றுகிறது.

வடிவமைப்புக்கான பாடம்

5 மி.மீ. கற்களின் மொத்தப் பரப்பு, அதே கன அளவுள்ள 50 மி.மீ. கற்களைப்போல் பத்து மடங்கு. உயிரிப்படலம் பரப்பில் வளர்வதால் பெருங்கல்லே நீடிக்கும். குப்பைக்கும் ஜல்லிக்கும் இடையே வடிகட்டித் துணி விரிப்பதை, துணியே அடைபடும் என்று சிலர் மறுக்கின்றனர். அடைபடும் என்பது உண்மை. ஆனால் அங்கே சுமை பரந்த பரப்பில் பகிரப்படுகிறது. கீல் வேலியில் துணி விரித்த பகுதியின் ஜல்லியில் அடைப்பு குறைவு. அதே துணியைக் குழாயின்மேல் சுற்றினால் முழுச்சுமையும் குறுகிய பரப்பில் விழுகிறது, அது தவறு.

களிமண்ணில் நேரும் உயிரியல் அடைப்பு கசிவைக் குறைக்கும் என்பதும் இங்கே ஆறுதலாகாது. வடிகால் அடைபட்டால் நீர்மட்டம் உயர்ந்து, தாளிலுள்ள ஓட்டைகள் வழியே கசிவு பெருகும். தேங்கிய நீர் சூடானால் எச்.டி.பி.இ. தாள் விரைவில் முதுமையடையும்.

முடிவுரை

1998-இல் வந்த ஒன்டாரியோ மாகாண விதி 232/98 கசிவுநீர் சேகரிப்பு அமைப்பின் பணிக்காலத்தையே வடிவமைப்புக் கேள்வியாக்கியது. பின்பற்ற வேண்டியது அந்த வழி. அனுமதி கோரும் திட்டம் ஒவ்வொன்றும் எதிர்பார்க்கும் கால்சியச் சுமை, குழாயருகே அடைப்பு முற்றும் காலம், குழாய்களைக் கழுவும் முறை, படலத்தின்மேல் நீர்மட்டம் அளக்கும் ஏற்பாடு ஆகியவற்றைக் காட்ட வேண்டும். படலத்துக்குக் கோரும் ஆயுளை வடிகாலுக்கும் கோராத அனுமதி, பாதிக் கணக்கின்மேல் தரப்படும் அனுமதியே.