பலரைக் கேட்டறிந்த கரை: புத்தளக் கடலோர வரலாற்றில் ஓர் ஆராய்வு

இலங்கைத் தீவின் வடமேற்கே, சிலாபந் தொடக்கம் கற்பிட்டி முனை வரை நீண்டு கிடக்குங் கரை, வரலாற்று நூல்களிற் பெரும்பாலும் முத்துக்குளிப்பையும் உப்பளத்தையும் சார்ந்தே பேசப்படுவது. அரசரும் கம்பனிகளும் இக்கரையிற் பெற்ற முத்தும் உப்பும் கணக்கேடுகளிற் பதிந்துள்ளன. இக்கரை மாந்தரிடங் கேட்டுப் பெற்ற அறிவுக்கு அத்தகைய கணக்கு இல்லை.

ஒருவருக்கு விளங்காத ஒன்றைப் பலரிடம் வினவி, அவரவர் கூறியதைத் தொகுத்து, மீண்டும் பலர் முன் வைத்துத் திருத்திக்கொள்ளும் முறையை இக்காலத்து வாணிக நிறுவனங்கள் தாம் கண்ட புதுமையெனப் பாராட்டுகின்றன. கூட்டத்தாரிடம் பணியை ஒப்புவித்தல் என்னும் பொருள்பட அதற்கொரு பெயரும் 2006ஆம் ஆண்டில் அமெரிக்க இதழொன்றில் இடப்பட்டது. பெயர் புதிது, வழக்கம் பழையது. 1714ஆம் ஆண்டிலேயே ஆங்கிலப் பாராளுமன்றம், கடலிற் செல்லுங் கப்பல் தான் நிற்குந் தீர்க்கரேகையை அறிய வழி காண்போர்க்கு 20,000 பவுண் வரை பரிசளிப்பதாக யாவர்க்கும் அறிவித்தது. வானநூல் வல்லோர் பலர் முயன்ற அப்பணியைக் கடிகாரத்தின் வாயிலாக நிறைவேற்றியவர் தச்சுத்தொழில் பயின்ற ஜோன் ஹரிசன் என்பது பலரும் அறிந்த செய்தி.

நம் நாட்டில் இம்முறையைக் கையாண்ட கம்பனிகளுள் முதற்கண் நினைக்கத்தக்கது ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனி. கண்டி அரசின் கடல்வாணிகத்தைத் தன் பிடியில் வைத்திருக்க விரும்பிய அக்கம்பனி, கற்பிட்டியில் 1667க்கும் 1676க்கும் இடையே கோட்டையெடுத்தது. அதே கம்பனி யாழ்ப்பாணத்தில் நீதி வழங்கப் புகுந்தபோது, வாளாலும் மதிலாலுந் தீராத இடரொன்றை எதிர்கொண்டது. குடிகளின் சீதனமும் முதுசொமும் அடைமானமும் எவ்வழக்கப்படி செல்லுமென்பது அதன் நீதிபதிகளுக்குத் தெரியாது. 1706இல் ஆள்பதி கொர்னேலிஸ் ஜோன் சைமன்சின் கட்டளைப்படி, குடிகளிடையே நெடுங்காலம் பழகிய திசாவை கிளாஸ் ஐசாக்ஸ் அவ்வழக்கங்களைத் தொகுத்து, 1707ஆம் ஆண்டு சனவரியில் ஒப்படைத்தார். அத்தொகுப்புத் தமிழாக்கப்பட்டு, பன்னிரண்டு முதலிமாரிடம் பார்வைக்கு விடப்பட்டது. அவர்கள் அதனை ஏற்றனர். தேசவழமை எனப்படும் நூல் இவ்வாறு பிறந்ததே.

முறை நன்று. ஆயினும் கேட்கப்பட்டோர் யாவர் என்பதும் நோக்கற்பாலது. அந்நூலில் அடிமைகளைப் பற்றிய விதிகளும் உள. அவற்றைப் பார்த்து ஒப்பியவர்கள் அடிமைகளை உடைமையாகக் கொண்ட மேல்வகுப்பினர். அடிமைப்பட்டோரின் வாய்மொழியைக் கம்பனி வேண்டியதில்லை. 1806இல் ஆங்கிலேயர் தேசவழமைக்குச் சட்டவலு அளித்தபோது அந்தக் குறையையும் உடன் சேர்த்தே பெற்றுக்கொண்டனர்.

இனிக் கற்பிட்டிக்கு வருவோம். 1807ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 21ஆம் நாள் அவ்வூரிற் பிறந்தவர் சைமன் காசிச்செட்டி. புத்தளத்தின் மணியகாரராகப் பணிபுரிந்து, 1838இற் சட்டநிரூபண சபையிலே தமிழர் சார்பில் உறுப்பினராகி, 1845இற் குடியியற் சேவையிற் புகுந்து, சிலாபத்தில் நீதிபதியாக இருந்து 1860இல் மறைந்தவர். இவர் தம் இருபத்தேழாவது வயதில் வெளியிட்ட 'சிலோன் கசெற்றியர்' 1834இற் கோட்டேயிலுள்ள திருச்சபை அச்சகத்திற் பதிப்பிக்கப்பட்டது. தீவின் மாகாணங்களும் ஊர்களும் துறைமுகங்களும் ஆறுகளும் அகரவரிசையில் நிற்க, குடிகளின் ஒழுக்கம், உழவு, வாணிகம், சமயம் முதலியனவும் அதனுட் கூறப்பட்டன. புத்தளத்து முக்குவரின் வழக்கங்களையும் அவர் எழுதிவைத்தார்.

இத்தகைய நூலை ஒருவர் தம் கண்ணால் மட்டுங் கண்டு எழுதல் இயலாது. அக்காலத்திற் கற்பிட்டியிலிருந்து கொழும்பு செல்வதே பெருமுயற்சி. தீவின் மறுகோடியிலுள்ள ஊரொன்றில் எத்தனை வீடு, எந்தக் கோயில், என்ன விளைவு என்பதை அங்குள்ளோர் உரைத்தாலன்றி அறிதல் எங்ஙனம்? மணியகாரர் பதவி இவ்வகையில் அவருக்குப் பெருந்துணையாயிற்று என்று கொள்ளலாம். வரி செலுத்த வருவோனும், வழக்குரைக்க வருவோனும், தோணியோட்டியும் மணியகாரர் வாசலில் வந்து நிற்பவர்களே. அரசாங்கம் அவர்களிடம் வரியைக் கேட்டது. காசிச்செட்டி செய்தியையும் உடன் கேட்டிருத்தல் வேண்டும்.

1859இல் யாழ்ப்பாணத்தில் அச்சான அவரது 'தமிழ் புளூராக்' இதனினும் ஆராயத்தக்கது. ஏறத்தாழ இருநூறு தமிழ்ப் புலவரின் வரலாற்றை ஆங்கிலத்தில் உரைக்கும் அந்நூல், ஏட்டிற் கண்டதோடு செவிவழிக் கதைகளையும் தழுவியது. அதிற் பிழைகள் பல. புலவர் காலங்களைக் கணித்ததிற் காசிச்செட்டி பெரிதும் தடுமாறினார் என்பதை மறைத்தலிற் பயனில்லை. எனினும் பிழையுடைய நூலொன்று பலர் கைப்பட்டதனாலே திருத்தம் பிறந்தது. ஆணல்ட் சதாசிவம்பிள்ளை அதனை அடியாகக் கொண்டு, தாமுந் தேடித் தொகுத்து, 1886இற் 'பாவலர் சரித்திர தீபகம்' வெளியிட்டபோது புலவர் தொகை நானூற்றைக் கடந்தது. 1946இற் கொழும்பில் தெ. பொ. மீனாட்சிசுந்தரனாரின் குறிப்புகளோடு பழைய நூல் மறுபதிப்பாயிற்று. கற்பிட்டியிலே தொடங்கிய பணிக்கு மானிப்பாயும் சென்னையும் கைகொடுத்தன.

ஆங்கிலத்திற் பேரகராதி உருவான வரலாறும் இதனோடு ஒப்பிடத்தக்கது. 1857இல் இலண்டன் மொழியியற் கழகத்தில் எண்ணம் உதித்தது. 1879இல் ஜேம்சு மறே பொதுமக்களுக்கு வேண்டுகோள் விடுத்து, நூல்களைப் படித்துச் சொல்லாட்சிகளைச் சீட்டுகளில் எழுதி அனுப்புமாறு கேட்டார். இலட்சக்கணக்கிற் சீட்டுகள் வந்து குவிந்தன. 1928இற் பணி முடிந்தது. மறேக்கு அச்சிட்ட வேண்டுகோளும் அஞ்சற் சேவையும் துணை நின்றன. 

ஒரு நூற்றாண்டுக்குப் பின் இக்கரை வேறொரு வினாவை எதிர்நோக்கியது. 1970களின் பிற்பகுதியிலும் 1980களிலும் இறால் வளர்ப்புக் கம்பனிகள் முதலிட்டன. சிலாபக் களப்பு, முந்தற் களப்பு, புத்தளக் களப்பு, அவற்றை இணைக்கும் ஒல்லாந்தர் கால்வாய் ஆகியவற்றின் கரையெங்கும் குளங்கள் வெட்டப்பட்டன. கண்டற் காடுகள் அழிந்தன. கம்பனிகளைப் பார்த்துச் சிறு குடிகளும் கடன்பட்டுக் குளம் வெட்டினர். 1996இல் வெண்புள்ளி நோய் தோன்றிற்று. அதன் பரவல் எளிது. நோயுற்ற குளத்தின் நீரை ஒருவர் கால்வாயில் திறந்துவிட, அயலார் அந்நீரையே தம் குளத்துக்கு இறைப்பார். தனித்தனியே ஒவ்வொருவரும் செய்தது அவரவர் வரையிற் குற்றமற்றதாகவே தோன்றியது. கால்வாய் ஒன்றாக இருந்தமையால் இழப்பு யாவர்க்கும் பொதுவாயிற்று. பெருங்கம்பனிகள் பல நட்டமடைந்து விலகின. சிறுவளர்ப்போர் விலகிச் செல்ல வேறிடம் இல்லாதவர்.

தீர்வு வெளியூரிலிருந்து மட்டும் வரவில்லை. எந்தப் பருவத்தில் நீர் உவர்ப்பேறும், மழைவெள்ளம் எப்போது களப்பின் முகத்தைத் திறக்கும், எந்த மூலையின் நீர் எந்தப் பக்கம் ஓடும் என்பன குளக்கரையில் வாழ்வோர் அறிந்தவை. நோயின் இயல்பு ஆய்வாளர் அறிந்தது. ஊர்தோறும் அமைந்த வளர்ப்போர் சங்கங்களும், அவற்றின் கூட்டமைப்பும், 1999இல் தோன்றிய நீருயிரின வளர்ப்பு அதிகார சபையும் ஒருங்கிருந்து பேசியதன் விளைவாக, இந்நூற்றாண்டின் முதற் பத்தாண்டில் வலயப் பயிர் நாட்காட்டி என்னும் ஏற்பாடு உருவாயிற்று. கரையை வலயங்களாகவும் உபவலயங்களாகவும் வகுத்து, இன்ன காலத்தில் இன்ன பகுதியினர் மட்டும் குஞ்சு விடலாம் என்று முறை வைத்தனர். ஒரு பகுதியிற் குளங்கள் நிறைந்திருக்கும் காலத்து மற்றொரு பகுதி வெறுமையாய்க் கிடக்கும். ஆண்டுதோறும் சங்கத்தார் கூடிச் சென்ற ஆண்டின் நோயையும் மழையையும் சொல்லி நாட்காட்டியைத் திருத்துவர். தன் முறை வரும்வரை குளத்தை வெறிதே விட்டிருப்பது கடன்பட்டவனுக்கு எளிதன்று. சங்கத்திற் சேராத குளங்களும், அனுமதி பெறாத குளங்களும் முறைக்குப் புறம்பே இயங்கியதுண்டு. நோய் முற்றாக ஒழியவுமில்லை. ஆயினும் பெருமுதல் கைவிட்டுப்போன தொழிலைச் சிறுவளர்ப்போர் தொடர்ந்து நடத்தியதற்கு இவ்வேற்பாடு பெருங்காரணம் என்பது ஆராய்ந்தோர் துணிபு.

நாட்காட்டியை வகுத்த சங்கங்கள் குளமுடையோருக்கென அமைந்தவை. அதே நீரில் வலை வீசுங் களப்பு மீனவருக்குக் கண்டல் அழிந்ததும் குளக்கழிவு கலந்ததும் நேரடியான இழப்பு. களப்பின் நீரோட்டத்தையும் மீன் வரவையும் தலைமுறையாக அறிந்தவர் அவர்களே. குஞ்சு விடும் நாள்களைக் குறிக்கும் அந்த அட்டவணையில் அவர்களுக்கென ஒரு நிரல் வகுக்கப்படவில்லை.