தளையான எழுத்தும் தளை நீக்கிய எழுத்தும்

ஒரு தலைவர்க்கு உள்ளத்தை முற்றும் அடிமையாக்கும் குழுவினின்று மீண்டோர்க்குக் கலை எவ்வாறு மருந்தாகும் என்பதை ஒரு வரலாற்றுச் சான்று கொண்டு ஈண்டு ஆராய்வோம்.

ஜிம் ஜோன்ஸ் என்பார் 1950களில் அமெரிக்காவில் நிறுவிய 'மக்கள் கோயில்' என்னும் குழு, தென்னமெரிக்கக் கயானாவில் குடியேறிப் பேரழிவில் முடிந்தது. 1978 நவம்பர் 18 அன்று மாண்டவர் 918 பேர்.

அக்குழுவில் எழுத்தே தளையாயிற்று. உறுப்பினர் தாம் செய்யாத குற்றங்களைச் செய்ததாக எழுதிக் கையொப்பமிட்டனர்; வெற்றுத்தாளிலும் ஒப்பமிட்டனர்; தலைவரைத் தந்தையென விளித்துத் தம்மையே பழித்து மடல் வரைந்தனர். சீனத்துக் கருத்துமாற்ற முறையை ஆராய்ந்து உளமருத்துவர் இராபர்ட் லிஃப்டன் 1961இல் வகுத்த எட்டுக் கூறுகளுள் குற்ற ஒப்புகையும், சொற்பொருளைத் திரித்துக் குறுக்குதலும் அடங்கும் என்பது இங்கு ஒப்புநோக்கத்தக்கது.

1978 மே திங்களில் தப்பிய டெபோரா லேட்டன், அடுத்த திங்களே உறுதிமொழி ஆவணம் அளித்து உலகை எச்சரித்தார். ஆயினும் அவர்தம் வாழ்க்கை நூல் 1998இலேயே வெளிவந்தது. ஆவணம் பிறரைக் காக்க எழுந்தது. நூலோ இழந்த தம்மைத் தாமே தேடியது. பேரழிவுக்குச் சில வாரங்கள் முன் வெளியேறிய டெரி புஃபோர்ட் ஓஷேயின் கவிதைத் தொகுதி 2011இல் வந்தது.

இந்நெடிய இடைவெளியைச் சோம்பல் எனல் பொருந்தாது. பொய் எழுதப் பழக்கப்பட்ட கை, மெய் எழுதத் துணிதற்குக் காலம் வேண்டும். எழுதியதனால் மாண்டோர் மீளார். எனினும், பிறர் வாய்ச்சொல்லாய் ஒலித்த 'நான்' மீண்டும் தன் சொல்லாயிற்று. கலை தந்த மீட்சி இதுவே என்பது எம் துணிபு.